நான் பார்க்காமல் எழுதிய முன்னூறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். இத்தனை வருடங்களில் நான் எழுதியதெல்லாம் வைத்தியசாலைத் தாள்களில்தான். காய்ச்சல் எவ்வளவு, நாடி எத்தனை, குடித்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு. இப்படிப்பட்டவள் கதை சொல்ல வந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தத் தாள்களில் ஒன்றில் நான் பொய் எழுதினேன். அதைச் சொல்லாமல், முப்பது வருடம் ஒழுங்காக வேலை செய்தவள் என்று மற்றவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. இதில் வருகிறவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர் வைத்தியசாலையில் ஒரே ஒரு வாட்டுத்தான் இருந்தது. நீளமான மண்டபம், நடுவில் பச்சைத் துணி மறைப்பு. இந்தப் பக்கம் பெண்களும் பிள்ளைகளும், அந்தப் பக்கம் ஆண்கள். பிறந்து மூன்று நாளான குழந்தை மஞ்சள் பிடித்துக் கிடக்கும். அடுத்த கட்டிலில் கழிச்சலோடு வந்த ஐந்து வயதுப் பிள்ளை. மறைப்புக்கு அப்பால் பாரிசவாதத்தில் விழுந்த கிழவர். இவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு நேர்ஸ். அவரை நாங்கள் மிஸ்ஸி என்போம்; நேரில் பேசும்போது மிஸ். டொக்டர் வாரத்தில் மூன்று நாள் பட்டினத்திலிருந்து வருவார், துறை திறந்திருந்தால். வேலை தெரிந்தவர்கள் வாவி கடந்து வரப் பயந்த காலம் என்பதால், ஒன்றும் தெரியாத என்னைத் தொண்டராகச் சேர்த்தார்கள். கூட்டுவது, கழுவுவது, தூக்குவது, பிறகு மெல்ல மெல்ல அளப்பது, எழுதுவது.

மிஸ்ஸி நாவற்குடாவைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. திங்கட்கிழமை பாதையில் வந்தால் சனிக்கிழமைதான் திரும்புவார். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற தட்டையான பெரிய ஓடத்தை. அந்தப் பாதை காலையில் ஓடத் தொடங்கி நாலு மணிக்கு நின்றுவிடும். துறையில் ஆமி சென்றி, அதாவது இராணுவக் காவலரண், இருந்தது. நாலு மணிக்குப் பிறகு யார் கேட்டாலும் பாதை அசையாது.

ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் மிஸ்ஸி ஒரு தாள் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில்தான் அவருக்கு உயிர். கழிச்சல் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் கழியும் என்று தாய்மார் வாயைக் கட்டி வைப்பார்கள். மிஸ்ஸி அவர்களோடு வாதாட மாட்டார். உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் எத்தனை கோப்பை உள்ளே போனது, எத்தனை தரம் வெளியே போனது என்று தாளில் கோடு போட வைப்பார். பொழுதுபடும்போது தாயைக் கூப்பிட்டு அந்தக் கோடுகளை எண்ணச் சொல்வார். எண்ணிய தாய் அதற்குப் பிறகு தானாகவே கோப்பையை எடுப்பாள்.

"கண்ணால கண்டத எழுது. காதால கேட்டத எழுதாத. நினைச்சத எழுதவே எழுதாத" என்பார் என்னிடம். "ஏன் தெரியுமா? நான் அந்தத் தாளப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறன். உன்ட முகத்தப் பார்த்து இல்ல."

அந்த மாரியில் ஒரு நாள் விடியற்காலை என் மச்சானைப் புடையன் பாம்பு கடித்தது. மாமாவின் மகன். வயல் வட்டையில் வரம்பைத் திறந்து வக்கடை வெட்டித் தண்ணீர் விடப் போனவர், வரம்புப் புல்லுக்குள் காலை வைத்துவிட்டார். ஆறு மணிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கணுக்கால் வீங்கி, பல்லீறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கூட வந்தது மாமி. மாமா அந்த வருடம் இல்லை. ஏன் இல்லை என்பது வேறு கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மச்சானுக்கும் எனக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வேளாண்மை வெட்டு முடிந்ததும் நாள் வைப்பதாக இருந்தது. பேசி முடித்த நாளிலிருந்து நாங்கள் முகம் பார்த்துப் பேசியதில்லை. சின்ன வயதில் ஒன்றாக வாவியில் இறால் தடவிப் பிடித்தவர்கள்தான். ஆனால் பேச்சு முடிந்த பிறகு அவர் ஒழுங்கையில் வந்தால் நான் வேலிக்குள் போய்விடுவேன். எங்கள் ஊரில் அப்படித்தான்.

டொக்டர் அன்றைக்கு வாட்டிலேயே தங்கியிருந்தது நல்ல காலம். விஷமுறிவு மருந்தை ஏற்றினார். முதலில் எடுத்த இரத்தத்தை மிஸ்ஸி சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, மணிக்கூட்டைப் பார்த்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார். பிறகு சரித்தார். தண்ணீர் போல ஓடியது. மருந்து ஏற்றி ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் இதே சோதனை செய்ய வேண்டும், உறைந்தால் நல்லம் என்றார்கள். டொக்டரைப் பட்டினத்துக்கு அழைத்திருந்தார்கள். எட்டு மணிப் பாதையில் போக வேண்டும். போகுமுன் மிஸ்ஸியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"இனிப் பயம் கிட்னிதான். மூத்திரத்தப் பாருங்க. குறைஞ்சாலும் கறுத்தாலும் மூணு மணிப் பாதையில ஆள ஏத்துங்க. யோசிக்க வேணாம். நல்லாப் போனா இஞ்சயே வச்சிருங்க. அந்த வழியில சென்றிக்குச் சென்றி இறக்கி வெயில்ல இருத்துவானுகள்."

ஆண்கள் பக்கம் வேலை செய்கிற அற்றெண்டன் வரவில்லை. அவருடைய ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு. பெண்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைப்பேறு. தலைப்பிள்ளை, நோவு தொடங்கி வெகுநேரம். மிஸ்ஸி கோடு போட்ட கண்ணாடிப் போத்தல் ஒன்றை என் கையில் தந்தார். கலியாணப் பேச்சு அவருக்கும் தெரியும்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. மாமிட்டக் குடு, அவ புடிச்சித் தருவா. நீ அளவப் பாரு, நிறத்தப் பாரு, எழுது. உனக்கு ஏலுமா? ஏலாட்டி இப்பவே சொல்லு, நான் எப்பிடியும் வந்து பார்க்கிறன்."

"ஏலும் மிஸ்" என்றேன்.

அந்த இரண்டு சொல்லை நான் எத்தனையோ தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஏலாது என்று சொல்வதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மறைப்பைத் தாண்டினேன். பெண்கள் பக்கத்துக் கடைசிக் கட்டிலில் இழுப்புக்காரி ஒருவர் இருந்தார். மீன் விற்கிறவர். மூச்சு வந்தால் வாயும் வந்துவிடும்.

"என்னகா முந்தானைக்குள்ள? மாப்பிள்ளைக்குச் சீதனமா?"

வாட்டே சிரித்தது. பாரிசவாதக் கிழவர்கூட ஒரு பக்க வாயால் சிரித்தார். நான் போத்தலை மாமியின் காலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் கொடுக்கவும் இல்லை, இன்னது செய்யுங்கள் என்று சொல்லவும் இல்லை. நான் திரும்பும்போது மச்சான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அவட்டக் குடுக்காதங்கம்மா."

பத்து மணிக்குப் போனேன். மாமி கட்டிலுக்கு முன்னால் எழுந்து வந்து நின்றார். போத்தலைக் காணவில்லை.

"போனதுகா மனே. நல்லாப் போனது. நான் வெளியில ஊத்தித்தன்."

"எவ்வளவு மாமி?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது... காணும்கா. நிறையத்தான். இதெல்லாம் நீ தூக்கிற சாமானா? நீ போ மனே, உனக்கு வேலை கிடக்கும்."

ஊற்ற வேண்டாம், நான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நிறம் என்ன என்று கேட்டிருக்கலாம். மாமியின் முகத்தையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். நான் காலடித் தாளைப் பார்த்தேன். பத்து மணி என்ற வரிசை வெறுமையாக இருந்தது. நிறைய என்றால் எவ்வளவு? முன்னைய நோயாளியின் தாளில் முன்னூறு மில்லி என்று பார்த்த ஞாபகம். 300 என்று எழுதினேன். பக்கத்தில் 'மஞ்சள்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மிஸ்ஸி சொல்வார். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கும் மாமி முன்னால் வந்து நின்றார். "போனது மனே." 250. மஞ்சள். இரண்டாவது தரம் எழுதும்போது எனக்கு அவ்வளவு கூச்சம் இருக்கவில்லை. ஒரே இலக்கத்தைத் திரும்ப எழுதினால் நம்ப மாட்டார்கள் என்ற யோசனைகூட வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பன்னிரண்டரைக்கு மிஸ்ஸி ஓடிவந்து இரத்தம் எடுத்தார். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சரித்தபோது இரத்தம் கட்டியாகி அசையாமல் நின்றது. மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பிள்ளைப்பேற்றுக்குத் திரும்பினார். இரண்டு மணிக்கு 200 என்று எழுதினேன்.

இரண்டரைக்கு அவர் வந்தார். பிள்ளை பிறந்து, மூச்சு எடுக்கச் சுணங்கி, ஒருவாறு அழுதிருந்தது. அவருடைய கையில் இன்னும் சவர்க்கார நுரை இருந்தது. மச்சானின் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கூட்டினார்.

"எழுநூத்தி அம்பது. நிறமும் மஞ்சள். இரத்தமும் உறைஞ்சிரிக்கி." மாமியைப் பார்த்தார். "பயப்படாதீங்க அம்மா. இவர அலைக்கழிக்கத் தேவையில்ல. இஞ்சயே வச்சிப் பார்ப்பம்."

மாமி தலையாட்டினார். இப்போது யோசித்தால், அவரும் வாய் திறக்கப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். நான் அந்த நேரம் ஜன்னலடியில் துணிக்கட்டு மடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலால் துறை தெரியும். மூன்று மணிப் பாதை ஒரு சைக்கிள்காரரையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நாலு மணிப் பாதையும் போனது. சொல்ல எனக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

ஐந்து மணிக்கு மிஸ்ஸி கட்டில் கட்டிலாக வந்தார். அதுதான் அவர் வழக்கம். நாள் முழுக்கத் தாளைப் பார்த்தாலும் பொழுதுபடுமுன் எல்லாரையும் ஒருதரம் தொட்டுப் பார்ப்பார். மச்சானின் கண் இமை தடித்திருந்தது. அடிவயிற்றைக் கையால் அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார்.

"கடைசியா எப்ப போனது?"

மிஸ்ஸி குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். மாமியின் சாக்குப் பைக்குப் பின்னால் போத்தல் இருந்தது. அடியில் இரண்டு விரல்கூட இல்லை. கறுத்த கோப்பி நிறம்.

"இது எப்பத்தையது?"

மாமி அழத் தொடங்கினார். "காலையில இருந்து இவ்வளவுதான் மிஸ். இந்த நிறம்தான். நான் ஒண்டும் ஊத்தயில்ல. அந்தப் புள்ள கட்டப் போறவள் மிஸ். இதக் கண்டா என்ன நினைப்பாள்? மாப்பிள்ளைக்கு இப்பிடி ஒரு நோய் இரிக்கெண்டு அவள்ட ஊட்ட கதை போனா? கொஞ்சத்தில சரியாகும் எண்டு பார்த்தன்."

மிஸ்ஸி மாமியைத் திட்டவில்லை. தாளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"முன்னூறு எண்டு எழுதிரிக்காய். கண்டியா?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கண்டியா, இல்லையா?"

"இல்ல மிஸ்."

"இருநூத்தி அம்பது?"

"இல்ல மிஸ்."

"இருநூறு?"

மூன்றாவதற்குத் தலையை மட்டும் அசைத்தேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் இழுப்புக்காரியின் மூச்சு மட்டும் கேட்டது. அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மிஸ்ஸி தன்னுடைய பேனையை என் கையில் தந்தார். நான் எழுதிய மூன்று இலக்கங்களின் மேலும் ஒவ்வொரு கோடு போட வைத்தார். அழிக்க விடவில்லை, பிழை தெரிய வேண்டும் என்றார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பார்க்கவில்லை' என்று எழுதி, கீழே என் கையொப்பத்தை வைக்கச் சொன்னார். வைத்தேன். அப்போதுதான் ஒன்று சொன்னார், சத்தம் போடாமல்.

"ஒண்டும் எழுதாம விட்டிருந்தாக்கூடக் காணும் புள்ள. வெறும் வரிசையக் கண்டிருந்தா நான் பிள்ளைப்பேற்ற விட்டுட்டு ஓடிவந்து பார்த்திருப்பன்."

பிறகு ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனார். ஆறரை மணிக்குத் திரும்பி வந்தார். சப்பாத்தில் சேறு. "காலையிலதான் எண்டுறானுகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு சேலைன் துளிகளை எண்ணத் தொடங்கினார். காலை ஏழு மணிக்கு முதல் பாதையில் மச்சானை ஏற்றினோம். மாமி கூடப் போனார். ஏறும்போது அவர் என்னைப் பார்த்தார். நான்தான் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் வந்து ஏன் சுணங்கியது என்று கேட்டார். கோடு போட்ட தாள் மேசையில் கிடந்தது. மிஸ்ஸி, "நான்தான் போய்ப் பார்த்திருக்கோணும் டொக்டர். வேலை பழகிற புள்ளைட்ட விட்டது என்ட பிழை" என்றார். நான் கதவடியில் வாளியோடு நின்றேன். டொக்டர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். மிஸ்ஸியின் பேருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததாக அறிந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மச்சானைப் பட்டினத்திலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பினார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது சட்டை அவருடைய தோளில் தொங்கியது. ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் கிட்னி இவ்வளவுக்குப் போயிராது என்று அங்கே சொன்னார்களாம். போயிராதா என்று எனக்குத் தெரியாது. உப்பு ஆகாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், வயல் வேலை கூடாது. வட்டையைக் குத்தகைக்கு விட்டார்கள். எட்டு வருடம் இருந்தார்.

அவர் கண்டியிலிருந்து வந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் எருமைத் தயிர்ச் சட்டி. அம்மா பாய் போட்டார். மாமி உட்காரவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்தார்.

"நாள் வைக்க வேணாம் மனே. என்ட மகன உன்ட தலையில கட்டி உன்ட வாழ்க்கையக் கெடுக்க ஏலா. அவனும் அதத்தான் சொல்றான். எல்லாம் என்னால வந்தது. அண்டைக்கு அந்தப் போத்தல நான் காட்டியிருந்தா இண்டைக்கு இப்பிடி வந்து நிக்க மாட்டன். வெக்கம் பார்த்து என்ட புள்ளையக் கெடுத்தன். உன்னையும் கெடுத்துட்டன். என்னை மன்னிச்சிக்க மனே."

தாளில் நான் கோடு போட்டதை மாமி கண்ணால் கண்டவர். 'இல்ல மிஸ்' என்று நான் சொன்னதைக் காதால் கேட்டவர். அப்படியிருந்தும் அந்தப் பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்டிருந்தால் நீங்கள் காட்டியிருப்பீர்கள், கேட்பதுதான் என் வேலை, பிழை என்னுடையது மாமி என்று சொல்ல வேண்டிய இடம் அது. அம்மா பக்கத்தில் நின்றார். வாட்டில் நடந்தது அம்மாவுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்றை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை. கலியாணம் வேண்டாம் என்று மாமி சொன்னபோது, என் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்ற ஆறுதல்தான் வந்தது.

"பரவாயில்ல மாமி" என்றேன். மன்னிக்கிறவள் போல.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் கண்மூடும்வரை நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா தயிர்ச் சட்டியைக் கழுவி, அதற்குள் கொஞ்சம் பச்சைமிளகாய் பறித்துப் போட்டு மாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். துறை அடைத்திருந்ததால் மிஸ்ஸி வரவில்லை. நான் ஏழு மணிக்கு வாட்டுக்குப் போனேன்.